பல்லிக்கு எதற்கு ஹீட்டர்? கெக்கோ தொட்டியில் சூடு வைப்பது எப்படி

"ஏண்டா, நம்ம வீட்டுச் செவுத்துல இருக்குற பல்லிக்கு எவன்டா ஹீட்டர் வெச்சான்?" என்று மதுரையிலிருந்து அம்மா போனில் கேட்டாள். கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக்கு லெப்பர்ட் கெக்கோ வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மகளின் பிறந்தநாள் பேரம் அது. நாயில் ஆரம்பித்து, பூனைக்கு இறங்கி, கடைசியில் பல்லியில் வந்து படிந்தது. வீட்டில் அதன் பெயர் பக்கோடா.

அம்மா கேட்டதில் தப்பில்லை. மதுரையில் ஏப்ரல் மாதம் சுவரே ஹீட்டர்தான். இங்கே ஜனவரியில் வெளியே மைனஸ் பதினைந்து, வீட்டுக்குள் 20 அல்லது 21 டிகிரி. நமக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஸ்வெட்டர் போட்டாலும் பிரயோஜனமில்லாத உடம்பு பக்கோடாவுடையது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு யோசனை கிடைத்தது. ஹீட் மேட்டை ப்ளக்கில் சொருகினால் முடிந்தது என்றார் ஒருவர். இரவில் சிவப்பு பல்பு போடுங்கள் என்றார் இன்னொருவர். "குளிர் ரத்தப் பிராணிதானே, குளிர் அதுக்கு ஒத்துக்கும்" என்று ஒரு நண்பர் தைரியம் சொன்னார். எல்லோரும் பொதுவாகக் கேட்டது, "தொட்டி எத்தனை டிகிரி?" அந்தக் கேள்வியே கோணல். எங்கே அளந்தாலும் ஒரே டிகிரி காட்டும் தொட்டியில் கெக்கோவை வைக்கவே கூடாது.

இனி வரும் எண்கள் எல்லாம் செல்சியஸில். கனடாவில் விற்கும் கருவிகள் பலவற்றில் ஃபாரன்ஹீட்டும் இருக்கும். 32 செல்சியஸ் என்பது ஏறக்குறைய 90 ஃபாரன்ஹீட். கருவி எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இட்லி மாவும் பக்கோடாவின் வயிறும்

"குளிர் ரத்தம்" என்ற சொல்தான் முதல் குழப்பம். நல்ல வெயிலில் காய்ந்த ஓணானைப் பிடித்துப் பாருங்கள், நம் உள்ளங்கையைவிடச் சூடாக இருக்கும். அதன் ரத்தம் ஒன்றும் ஜில்லென்று ஓடுவதில்லை. நாம் சாப்பிட்ட சோற்றை எரித்து உடம்பை 37 டிகிரியில் வைத்துக்கொள்கிறோம். பல்லிக்கும் பாம்புக்கும் ஆமைக்கும் உள்ளே அப்படி ஓர் அடுப்பு இல்லை. சூட்டை வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். இப்படி வாழும் உயிர்களுக்குப் புறவெப்ப உயிரிகள் என்று பெயர். ஸ்வெட்டர் உதவாததும் இதனால்தான். ஸ்வெட்டர் சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. உள்ளே அடுப்பு இல்லாதவனுக்குப் போர்வை போர்த்தி என்ன பயன்?

சூடு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் இட்லிக்கு மாவு அரைத்து வைத்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஒரு நாள் ஆகும், இரண்டு நாள் ஆகும், மாவு அரைத்த மட்டத்திலேயே நிற்கும். அப்புறம் யாராவது ரகசியத்தைச் சொல்வார்கள்: ஓவனுக்குள் வை, ஓவனைப் போடாதே, உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு வை. காலையில் பாத்திரம் பொங்கி வழியும். அரிசி அதே, உளுந்து அதே. கூடியது சூடு மட்டும்.

கெக்கோவின் வயிறும் அந்த மாவுப் பாத்திரம் போலத்தான். தின்ற பூச்சியைக் கரைப்பவை நொதிகள். உடம்புக்குள் நடக்கும் வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதங்கள் அவை. சூடு குறைந்தால் அவற்றின் வேலை மந்தமாகும். குளிர்ந்த கெக்கோவின் வயிற்றில் பூச்சி செரிக்காமல் கிடந்து அழுக ஆரம்பிக்கும், சில சமயம் கக்கிவிடும். நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். "பூச்சி வெச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால், நான் தீனியைப் பற்றி விசாரிப்பதில்லை. அது படுக்கும் தரை எத்தனை டிகிரி என்றுதான் கேட்பேன்.

மறுபக்கமும் இருக்கிறது. விளக்குக்குப் பதிலாக ஓவனையே போட்டுவிட்டால் மாவு புளிக்காது, வெந்துவிடும்.

சரி, இதுவரை வந்தது: கெக்கோவின் உடம்புக்குள் ஹீட்டர் இல்லை. செரிப்பதற்கே வெளிச்சூடு வேண்டும். அதிகமானால் அதே சூடு ஆளைக் கொன்றுவிடும்.

ஒரே தொட்டியில் இரண்டு ஊர்

மதுரை வீட்டில் சித்திரை மதியத்தில் தெருநாய் எங்கே படுக்கும்? குழாயடியில், தண்ணீர் சிந்திய ஈர மண்ணில். மார்கழிக் காலையில் அதே நாய் வெயில் விழும் வாசற்படியில் கிடக்கும். கெக்கோவும் இப்படித்தான் இடம் மாறி மாறித் தன் சூட்டைச் சரிக்கட்டிக்கொள்கிறது. சாப்பிட்டதும் சூடான பக்கம் போகும், வயிறு ஆறியதும் குளிர்ந்த பக்கம் வந்துவிடும். நாம் செய்ய வேண்டியது இரண்டு பக்கத்தையும் தயாராக வைத்திருப்பது.

அதனால் சூடு தரும் கருவி எதுவானாலும் தொட்டியின் நடுவில் வைக்கக் கூடாது, ஒரு முனையில் வைக்க வேண்டும். அங்கிருந்து மறுமுனை வரை சூடு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். இதை வெப்பச் சரிவு என்கிறார்கள். லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடான முனையில் தரை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த முனை 23 முதல் 26 டிகிரி இருந்தால் நல்லது. மேலிருந்து விளக்கு போடுகிறவர்கள் அதற்கு நேர் கீழே இருக்கும் கல்லை 34, 35 வரை விடலாம். ஒரு முழ நீளப் பெட்டியில் இந்தச் சரிவு வராது, எல்லாம் ஒரே சூடாகிவிடும். எங்கள் தொட்டி 3 அடி நீளம். அதற்குக் குறைந்து போக வேண்டாம் என்பது என் கருத்து.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஒரு குகை வேண்டும். ஒரு முனையில் மட்டும் குகை வைத்தால் கெக்கோ சூட்டைப் பார்க்காது, மறைவைத்தான் பார்க்கும். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் குகை இருந்தால் பசியோடு அங்கேயே ஒடுங்கிக் கிடக்கும். சூடான பக்கத்தில் மட்டும் இருந்தால் வெந்தாலும் வெளியே வரத் தயங்கும்.

இரவில் சூடு குறையலாமா? தாராளமாக. லெப்பர்ட் கெக்கோவின் சொந்த ஊர் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு என்று விரியும் வறண்ட பாறை நிலம். 1854இல் கல்கத்தாவில் ஆசியச் சங்க அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத் என்பவர்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பகலில் பாறை இடுக்கில் கிடந்து, பொழுது சாயும்போது இரை தேடி வெளியே வரும். அந்த ஊரில் ராத்திரி குளிரத்தான் செய்யும். வீடு 20 டிகிரிக்குக் கீழே போகவில்லை என்றால் ஆரோக்கியமான பெரிய கெக்கோவுக்கு இரவில் தனியாகச் சூடு தேவையில்லை.

காற்றின் சூடு வேறு, கல்லின் சூடு வேறு

காய்ந்த தோசைக்கல்லுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டினால் இதமாக இருக்கும். கல்லைத் தொட்டால்? தொட்டிக்குள்ளும் அதே கதை. கண்ணாடியில் ஒட்டி வைக்கும் வட்ட முள் வெப்பமானி 26 என்று காட்டிக்கொண்டிருக்கும், நாலு அங்குலம் கீழே தரை 45 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். கெக்கோ நிற்பது தரையில், வயிற்றை அப்பிக்கொண்டு. அதற்குத் தேவை தரையின் கணக்கு. ஒட்டுகிற முள் வெப்பமானியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

வேண்டியவை இரண்டு கருவிகள். நீண்ட வயரின் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று. சென்சார் என்பது சூட்டை உணரும் சின்ன முனை, ஒரு தீக்குச்சித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மற்றது, நீட்டிப் பிடித்து விசையை அழுத்தினால் எதிரே உள்ள பரப்பின் சூட்டைச் சொல்லும் அகச்சிவப்பு வெப்பமானி. கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்த ஜாதிதான். ஆனால் அதையே எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். நெற்றித் தோலின் சூட்டை உடம்புச் சூடாக மாற்றிச் சொல்லும்படி அதைச் செய்திருக்கிறார்கள். கல்லுக்கு நீட்டினால் ஏதாவது உளறும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ரகம் போதும்.

சூடு தரும் கருவிகள்

ஹீட் மேட் என்பது தொட்டியின் அடியில் ஒட்டும் மெல்லிய தாள், மின்கம்பளிக்குத் தம்பி. காற்றை அதிகம் சூடாக்காது, மேலே இருக்கும் கண்ணாடியைச் சூடாக்கும். தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடக் கூடாது, மூடினால் குளிர்ந்த ஊர் காணாமல் போய்விடும். தொட்டிக்கும் மேஜைக்கும் நடுவில் கொஞ்சம் காற்று போக இடம் வேண்டும். இடமில்லாமல் மேஜையோடு அழுந்திக் கிடந்தால் சூடு வெளியேற வழியின்றிக் கூடிக்கொண்டே போய்க் கண்ணாடி விரிசல் விடும், மேஜை கருகும்.

மேட்டுக்கு மேலே மண் எவ்வளவு போடலாம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாலு அங்குல மண் போட்டு, அடியில் மேட்டை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மண் ஒரு நல்ல போர்வை. சூட்டை மேலே விடாது. மேலே நிற்கும் கெக்கோவுக்கு ஒன்றும் எட்டாது, அடியில் கண்ணாடி மட்டும் காய்ந்துகொண்டே போகும். அதைவிட மோசமானது இனிமேல்தான். காட்டில் மண்ணைத் தோண்டத் தோண்டக் குளிர்ச்சி வரும். லட்சக்கணக்கான வருடங்களாக அந்த உடம்புக்குத் தெரிந்த பாடம் அது: சுட்டால் தோண்டு. இந்தத் தொட்டியில் தோண்டத் தோண்டச் சூடு ஏறும். குளிர்ச்சியைத் தேடிப் போன பிராணி, வயிறு கண்ணாடியில் படும்வரை தோண்டி, அங்கேயே படுத்துப் புண்ணாகும். மேட் வைத்தால் மேலே ஓடு அல்லது மெல்லிய கல் போடுங்கள். மண் வேண்டும் என்றால் மேட்டை விட்டுவிட்டு மேலிருந்து சூடு கொடுங்கள்.

மேலிருந்து என்றால் பகலில் ஹாலஜன் விளக்கு. வெயில் பாறையைக் காய வைப்பதுபோல் அது கீழே உள்ள கல்லைக் காய வைக்கும். இரவிலும் சூடு தேவைப்படும் குளிர்ந்த வீடு என்றால் செராமிக் ஹீட்டர். பல்பு மாதிரியே மாட்டும் பீங்கான் கட்டி, வெளிச்சம் தராது. அதன் மேல்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும் என்பதால் பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். தொட்டிக்குள் தொங்கவிட்டால் சுற்றிலும் கம்பிக் கூண்டு கட்டாயம்.

சிவப்பு பல்பு யோசனையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. "அதுக்குச் சிவப்பு தெரியாது" என்பது கடைப்பேச்சு. அந்தப் பல்பிலிருந்து வருவது சுத்தச் சிவப்பும் அல்ல. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் ஒரு வகைக் கெக்கோவைச் சோதித்தபோது, நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் மங்கிய நிலவொளியிலும் அது நிறம் பிரித்துப் பார்த்தது. அப்படிப்பட்ட கண்ணுக்கு ராத்திரி முழுக்க விளக்கு எதற்கு? இருட்டாக விடுங்கள்.

சூடாகும் கல் என்று, உள்ளே கம்பி வைத்து ப்ளக்கோடு ஒரு செயற்கைப் பாறை விற்கிறார்கள். வாங்க வேண்டாம். ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் ஆறியிருக்கும். கெக்கோ சுடுகிறது என்று உடனே துள்ளி இறங்கும் என எதிர்பார்க்க முடியாது. வயிற்றுத் தோல் வெந்த கெக்கோக்களைப் பார்க்காத ஊர்வன மருத்துவர் இருக்க மாட்டார்.

ரெகுலேட்டருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் உள்ள வித்தியாசம்

ஃபேன் ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் மூன்றிலேயே சுற்றும். உங்களுக்கு வியர்க்கிறதா, நடுங்குகிறீர்களா என்று அதற்குத் தெரியாது. ஏசி அப்படியல்ல. 25 என்று வைத்தால், அறை ஆறியதும் கம்ப்ரசர் நிற்கும், சூடேறினால் மறுபடி ஓடும். சூட்டைத் தானே அளந்து, அதற்கேற்பக் கருவியைப் போட்டு அணைக்கும் பெட்டிதான் தெர்மோஸ்டாட். இஸ்திரிப் பெட்டியில் விளக்கு எரிந்து அணைவதும் அதன் வேலையே.

ஹீட் மேட்டை நேராக ப்ளக்கில் சொருகினால் அதற்கு நிறுத்தத் தெரியாது. 45 டிகிரியைத் தாண்டிப் போகும் மேட்டுகள் உண்டு. டிம்மர் வைத்துக் குறைத்துவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். டிம்மர் என்பது ஃபேன் ரெகுலேட்டர்தான். ஜனவரியில் சரியாக வைத்த அளவு, ஜூலையில் வீடு 28 டிகிரி இருக்கும்போது கெக்கோவை வாட்டிவிடும். பட்ஜெட் இடித்தால் அலங்காரச் செடியைக் குறையுங்கள், தெர்மோஸ்டாட்டைக் குறைக்காதீர்கள்.

ரகங்களைப் பற்றி ஒரு வரி: மேட்டுக்கு, போட்டு அணைக்கும் சாதாரண தெர்மோஸ்டாட் போதும், ஹாலஜனுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரகம் வேண்டும், இல்லையென்றால் விளக்கு நாளெல்லாம் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

ஆக, இதுவரை: ஒரு முனையில் சூடு, இரண்டு முனையிலும் குகை, தரையை அளக்க வெப்பமானி, கருவியை அடக்க தெர்மோஸ்டாட்.

சென்சார் எங்கே இருக்கிறது?

தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த எங்களுக்கு ஒரு சனிக்கிழமை பாடம் நடந்தது. காலையில் மகள் தொட்டியைச் சுத்தம் செய்தாள். ஓட்டைத் தூக்கும்போது குறுக்கே கிடந்த சென்சார் வயரை வெளியே எடுத்து, தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டாள். திரும்ப உள்ளே வைக்க மறந்துபோனாள். சாயங்காலம் நான் தற்செயலாகத் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். 21 என்று காட்டியது. 32 என்றல்லவா இருக்க வேண்டும்? கையைச் சூடான குகைக்குள் விட்டேன், உடனே எடுத்துக்கொண்டேன். அகச்சிவப்பு வெப்பமானி 46 என்றது.

தெர்மோஸ்டாட்டின் மேல் குற்றமில்லை. வெளியே அறைக்குளிரில் தொங்கிக்கொண்டிருந்த சென்சார் "இன்னும் குளிர்கிறது, இன்னும் குளிர்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி, தெர்மோஸ்டாட் பகல் முழுக்க மேட்டை அணைக்காமல் விட்டது. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்த உலகம் அந்தச் சென்சார் முனை மட்டும்தான்.

பக்கோடா எங்கே? தொட்டியின் மறுகோடியில், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், குளிர்ந்த குகைக்குள் சுருண்டிருந்தது. வயிற்றைத் திருப்பிப் பார்த்தோம், சிவப்பு இல்லை. ஓடிப்போக இன்னொரு ஊர் இருந்ததால் பிழைத்தது.

அன்றைக்கே மூன்று மாற்றங்கள் செய்தோம். சென்சாரைச் சூடான குகையின் தரையில், பக்கோடா படுக்கும் இடத்திலேயே சிலிக்கான் பசையால் ஒட்டி, பசை நன்றாகக் காயும்வரை பக்கோடாவை வேறு பெட்டியில் வைத்திருந்தோம். செல்லோடேப் ஒட்டவே கூடாது, கெக்கோவின் தோல் அதில் மாட்டினால் உரிந்து வந்துவிடும். அடுத்து, தெர்மோஸ்டாட்டுக்குச் சம்பந்தமில்லாத தனி வெப்பமானி ஒன்றை அதே இடத்தில் வைத்தோம். இரண்டும் வேறு வேறு எண் காட்டினால் ஏதோ கோளாறு. கடைசியாக, சுத்தம் செய்யும்போது முதல் வேலை ப்ளக்கைப் பிடுங்குவது என்று மகள் ஒரு சீட்டு எழுதித் தொட்டியில் ஒட்டினாள். வெளிப்பக்கம்தான்.

வயர்கள் ப்ளக்கை நோக்கி நேராக இறங்காமல், ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறிப் போகும்படி விடுங்கள். தண்ணீர் வழிந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது. தொட்டியை ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். கண்ணாடி மூடிய காரை வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அந்த வெயிலைத் தெர்மோஸ்டாட்டால் அணைக்க முடியாது.

எல்லாக் கெக்கோவும் ஒன்றல்ல

மேலே சொன்ன எண்கள் லெப்பர்ட் கெக்கோவுக்கு. கடையில் அதற்குப் பக்கத்திலேயே கண்ணுக்கு மேல் இமை முடி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும் கிரெஸ்டட் கெக்கோவுக்கு இவை பொருந்தாது. அது பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியாவின் காட்டுப் பல்லி. அழிந்தேபோனது என்று நினைத்திருந்து, 1994இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்கு 22 முதல் 26 டிகிரி போதும், 28ஐத் தாண்டித் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இங்குள்ள வீடுகளில் பாதி வருடம் அதற்குத் தனிச்சூடே தேவைப்படாது, ஜூலையில் குளிர வைக்கத்தான் திண்டாட வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளுமுன் அவர் வீட்டில் இருப்பது எந்தக் கெக்கோ என்று கேளுங்கள்.

கரண்ட் போனால்

2013 டிசம்பரில் டொரண்டோவில் உறைபனி மழை பெய்து மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய்ந்தன. லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன, சில இடங்களில் கிறிஸ்துமஸ் கழிந்தும் கரண்ட் வரவில்லை. அந்த மாதிரி நாள் வந்தால் என்ன செய்வது?

பதற வேண்டாம். வளர்ந்த, வாலில் கொழுப்புள்ள லெப்பர்ட் கெக்கோ ஓரிரு நாள் குளிரைத் தாங்கும். தொட்டியைச் சுற்றி ரஜாயைப் போர்த்துங்கள், மேலே காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு. கெக்கோவுக்குப் போர்த்துவது வீண் என்றேனே, தொட்டிக்கு வீணில்லை. கல்லிலும் தரையிலும் மிச்சம் இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்கும். கேஸ் அடுப்பு எரிந்தால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, சூடான முனையில் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வையுங்கள். கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அந்தப் புயலின்போது அப்படிச் செய்து கார்பன் மோனாக்சைடு நச்சில் சிக்கிய மனிதர்கள் இருந்தார்கள்.

பாவம் பசிக்குமே என்று பூச்சி போடாதீர்கள். ஓவன் விளக்கு அணைந்த மாவு அது, உள்ளே போனது செரிக்காது. தண்ணீர் மட்டும் இருக்கட்டும். கரண்ட் வந்ததும் மேட்டின் சூட்டைக் கூட்டி வைத்து அவசரப்படுத்த வேண்டாம், வழக்கமான 32இலேயே விடுங்கள். தரை ஒரு முழு நாள் அந்தச் சூட்டில் நின்றபிறகு, சின்னதாக ஒரே ஒரு பூச்சி போட்டுப் பாருங்கள்.